மொட்டப்பாற என்று தட்டினால்

ஒரு சொல்லுக்கு நாலு ரூபா.
சுடுதண்ணி ஒரு சொல்லா இரண்டா என்று
முதல் பில்லிலேயே தகராறு.

ஹட்டனில், பார்மசிக்கு மேல்மாடி.
வெள்ளவத்தை அருளானந்தம் முதலாளி
பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து
ஆறு ரூம், ஆறு கீசர், ஒரு பியானோ போட்டிருக்கிறார்.
தமிழ்ப் பக்கம் எழுதுவது நான்.
தலைப்பை அவரே அனுப்பிவிட்டார்:
‘முகில்களின் மடியில் ஒரு மௌன சங்கீதம்.’

நல்ல வரிதான் ஐயா.
ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு
சளி பிடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
மட்டக்களப்பில் ஒருத்தி போனில் தேடும்போது
மௌன சங்கீதம் என்றா தட்டுவாள்?
‘ஹட்டன் குளிர் எவ்வளவு’ என்பாள்.
‘அட்டை கடிக்குமா’ என்பாள்.
கடிக்கும் என்று எழுதினேன்.
உப்பும் சவர்க்காரமும் வாசலில் இருக்கும் என்று எழுதினேன்.
அவள் கேட்ட சொல்லிலேயே பதில் இருக்கவேண்டும்,
இல்லாவிட்டால் இருந்தும் இல்லாததுதான்.
இவ்வளவுதான் தொழில்.

நானும் கவிதை எழுதியவள்தான்.
பனியைப் பனி என்று எழுத
எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பிறகு வழி சொல்லும் பகுதி.
வரைபடத்தில் தோட்டத்தின் பெயர் ஆர்ட்னவே.
அந்தப் பெயரை பஸ்ஸில் சொன்னால்
கண்டக்டர் உங்களைப் பொகவந்தலாவை வரை கொண்டுபோய்விடுவான்.
ஆகவே ஒரு வரி:
‘மொட்டப்பாற இறக்கம் என்று கேளுங்கள்.’
நாலு சொல், பதினாறு ரூபா.
பங்களாவின் மரியாதைக்குச் சரியில்லை,
வெட்டிவிடு என்றார் முதலாளி.
சரி ஐயா என்றேன். மறந்துவிட்டேன்.
மறக்கவில்லை.

மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தோம்,
யார் என்ன சொல் தட்டி உள்ளே வந்தார்கள் என்று.
‘ஹட்டன் தங்குமிடம்’ அறுபத்தொன்று.
‘மலிவான ரூம்’ முப்பது. முகம் சுளித்தார்.
‘மௌன சங்கீதம்’ ஒன்று. அது அவரேதான்.
‘மொட்டப்பாற’ நாற்பத்து நாலு.

யார் இவர்கள்?
கோத்தகிரி. கூடலூர். திருச்சி.
கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள்,
ஆர்ட்னவே என்று ஒருநாளும் கேட்டிராதவர்கள்.
வீட்டில் புழங்கிய ஒரே சொல்லைக்
காதில் விழுந்த மாதிரியே தட்டியிருக்கிறார்கள்:
மொட்டபாறை. மொட்டைப்பாற. மோட்டபாரை.
மொட்டப்பாற தோட்டம் மூணாம் நம்பர் லயம்.
மொட்டப்பாற மாரியம்மன் கோயில் தேர் எப்ப.
இவ்வளவு தூரம் தேடி வந்து
விழுந்தது எங்கே?
கீசர் படத்தின் மேல்.

‘இந்த நாற்பத்து நாலு பேரால் எத்தனை ரூம் போகும்?’
கேட்டது நியாயம். ஒன்றும் போகாது.

அன்று ராத்திரி கரண்ட் வரும்வரை காத்திருந்து
பில்லில் சேராத ஒரு பக்கம் எழுதினேன்.
உவமை இல்லை. முகில் இல்லை.
மூணாம் லயத்தில் பாதி மண்சரிவோடு போனது;
எட்டுக் காம்பரா மிச்சம், ஆள் இருக்கிறார்கள்.
தேர் மாசி மகத்தில்.
ஹட்டனிலிருந்து பஸ் ஆறேகால், பதினொன்று, மூணரை;
கடைசி பஸ்ஸை நம்பவேண்டாம்.
அவர்கள் தட்டிய பிழையையெல்லாம்
பிழையாகவே அடியில் அடுக்கி வைத்தேன்.
திருத்தினால் அவர்களுக்கு வழி அடைபட்டுவிடும்.

தேடல்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி.
‘மொட்டபாற சிட்டம்மா தங்கச்சி இருக்காங்களா’
கேள்விக்குறிகூட இல்லை.
மேல்கணக்கில் மூன்று சிட்டம்மா, கீழ்க்கணக்கில் ஒருத்தி.
யாருடைய தங்கச்சி, எந்த வருசம்,
தட்டியவர் வேறொன்றும் தரவில்லை.
பெயர் இல்லை, நம்பர் இல்லை, கோத்தகிரி மட்டும்.

பதில் தெரியாத கேள்விக்கு என்ன எழுதுவது?
அந்தக் கேள்வியையே எழுதினேன்,
அவர் தட்டியபடியே, தனி வரியில்.
கீழே என் போன் நம்பர்.
திரும்ப ஒரு தரம் தட்டினால்
இந்த முறை கீசரில் போய் விழமாட்டார்.